தேடுவார்க்கு வேறு வாயில்கள்

இம்மலருக்கு விஞ்ஞானப் பொருள்பற்றிக் கட்டுரையொன்று வரைந்து தருமாறு மலர்க்குழுவினர் பணித்தபோது, முப்பதாண்டுக்கு மேலாக வகுப்பிற் கற்பித்த இரசாயனத்தைப் பற்றியே எழுதலாமென எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றியவன் என் மகளின் மைந்தன். தமிழில் விஞ்ஞான நூல்கள் தோன்றிய வரலாறுபற்றி அவனுக்குப் பாடசாலையில் ஓர் ஒப்படை கொடுக்கப்பட்டிருந்தது. அவன் தன் கைத்தொலைபேசியை எடுத்துச் சில நொடி தட்டிப் பார்த்துவிட்டு, "இருபதாம் நூற்றாண்டுக்கு முன்னர் தமிழில் இரசாயனப் புத்தகமே இல்லை, அம்மப்பா; தேடிப் பார்த்துவிட்டேன்" என்றான்.

மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார் 1847 இல் இலங்கைக்கு வந்தவர். இடையிற் சில ஆண்டு தாயகஞ் சென்றிருந்து, பின்னும் 1873 வரை இங்கே பணிபுரிந்தார். அவருடைய முயற்சியால் ‘இரணவைத்தியம்’ 1867 இலும், ‘கெமிஸ்தம்’ 1875 இலும் அச்சேறின. பின்னது முழுமையும் இரசாயன நூலே. பையன் தேடியதோ ‘வேதியியல்’ என்னுஞ் சொல்லை. நூல் தாங்கிநிற்பதோ ‘கெமிஸ்தம்’ என்னும் பெயரை. இரண்டுக்குமிடையே ஒரு பாலம் இல்லாதபோது, பொறி தன்னிடமுள்ளவற்றுள் அச்சொல் வந்த பக்கங்களை மாத்திரம் எடுத்து நீட்டியது. அதிற் பிழையொன்றுமில்லை. பிழை, ‘கிடைக்கவில்லை’ என்பதை ‘இல்லை’ என்று கொண்டதிலேயே உள்ளது. அப்பிழையைச் செய்தவன் அவன் ஒருவனல்லன். இன்று ஏறத்தாழ நாமெல்லாரும் நாடோறுஞ் செய்கின்றோம்.

ஆகவே, ஒரு திங்கள் முழுவதும் வழக்கமான தேடுபொறியை விடுத்துப் பிறவற்றைக் கையாண்டு பார்ப்பதென்று முடிவு செய்தேன். இக்கட்டுரை அம்முயற்சியின் பயனாகும். முதலில், தேடுபொறி என்பது யாது என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். அதனை அறியாது ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுதல், உள்ளே இருப்பதைப் பாராது பெட்டியின் நிறத்தைக் கொண்டு மருந்தை மதிப்பதுபோலாம்.

தேடுபொறி நாம் கேட்டவுடன் உலகமெங்கும் ஓடித் தேடுகின்றது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. அது முன்னரே தேடி வைத்துள்ளது. சிலந்தி எனப்படுஞ் செய்நிரல்கள் இணையப் பக்கங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து, ஒரு பக்கத்திலுள்ள தொடுப்புக்களைப் பற்றிக்கொண்டு அடுத்த பக்கத்துக்குச் சென்று, ஆங்காங்குள்ள சொற்களையெல்லாந் திரட்டிக்கொண்டு மீளும். தொடுப்பில்லாத பக்கத்தை அவை காணா. ‘இன்ன பகுதியுள் வாராதே’ என்று தளத்துக்குரியோர் ஒரு சிறு கோப்பில் எழுதிவைத்திருப்பின், ஒழுக்கமுள்ள சிலந்தி வாராது. இவ்வழக்கம் 1994 இல் தோன்றியது.

திரட்டிய சொற்களைக்கொண்டு செய்யப்படுவது சுட்டி. நம்மவர்க்கு இஃது புதிதன்று. பழைய இலக்கியப் பதிப்புக்களின் இறுதியிற் செய்யுண் முதற்குறிப்பகராதியும் அரும்பத அகராதியும் இருத்தலைக் கண்டிருக்கின்றோம். புத்தகம், பக்கத்தைச் சொன்னாற் சொல்லைத் தரும். அகராதியோ சொல்லைச் சொன்னாற் பக்கத்தைத் தரும். ‘பனை’ என்பதற்கு நேரே 4, 17, 230 எனவும், ‘நார்’ என்பதற்கு நேரே 17, 88, 230 எனவும் இலக்கங்கள் உளவாயின், இரண்டையும் ஒருங்கு கேட்பவனுக்கு 17 ஐயும் 230 ஐயும் எடுத்துக்கொடுத்தல் பெரிய காரியமன்று. பல நூறு கோடி பக்கங்களுக்கு இவ்வாறு செய்து, நொடிப்பொழுதில் விடை கூறுவதே பெரிது.

அதனினும் பெரிது, கிடைத்த ஆயிரம் பக்கங்களுள் எதனை முதலில் நிறுத்துவது என்பது. கேம்பிரிட்ச்சில் ஆராய்ச்சி செய்த கரென் ஸ்பாக் யோன்ஸ் என்னும் அம்மையார் 1972 இல் ஒரு நுட்பத்தை வெளியிட்டார்: எல்லா ஏடுகளிலும் வருஞ்சொல் எதனையும் வேறுபடுத்திக் காட்டாது, அருகி வருஞ்சொல்லுக்கே நிறை மிகுதி. ‘ஒரு’ என்னுஞ் சொல்லாற் பயனில்லை. ‘கெமிஸ்தம்’ என்னுஞ் சொல்லால் உண்டு. இவ்வளவு எளிதான கருத்தை எவரும் முன்னரே கூறியிருக்கலாகாதா என்று தோன்றும். ஆயின் எண்ணளவிற் காட்டியவர் அவரே. இன்றைய பொறிகள் பலவற்றின் அடித்தளத்தில் அவருடைய கருத்து இன்னுங் கிடக்கின்றது.

வரலாற்றை விரித்தால் இடங்கொள்ளாது, சுருக்கிக் கூறுவேன். கனடாவில், மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில், பார்படோசுத் தீவினரான அலன் எம்ரேஜ் 1990 இல் ‘ஆர்ச்சி’ என்பதை ஆக்கினார். அது கோப்புக்களின் பெயர்களை மாத்திரந் தேடிற்று. 1994 இல் வெளிவந்த ‘வெப்கிறோலர்’ பக்கத்தின் சொற்கள் யாவற்றையுஞ் சுட்டியில் ஏற்றிற்று. அவ்வாண்டே ஸ்ரான்போட் மாணவர் இருவர் தொடக்கிய யாகூ, மனிதர் கையால் வகைப்படுத்திய ஒரு பட்டியலாக இருந்தது. 1995 டிசெம்பரில் வந்த ‘அல்ராவிஸ்ரா’வின் விரைவைக் கண்டு அக்காலத்தார் மலைத்துநின்றனர், 2013 யூலையில் அது மூடப்பட்டது. இன்று அதன் பெயரைக் கேட்டறிந்த மாணவன் எவனுமில்லை.

ஸ்ரான்போட்டில் ஆராய்ச்சி மாணவராயிருந்த லறி பேஜ், சேர்ஜி பிறின் என்போர் 1998 இற் கூகிள் கொம்பனியை நிறுவினர். அவர்களுடைய புத்தி நுட்பம் யாதெனின், ஒரு பக்கத்தின் தகுதியை அப்பக்கத்தின் சொற்களால் மாத்திரமன்றி, அதனைச் சுட்டிநிற்கும் பிற பக்கங்களாலும் மதித்தது. ஆராய்ச்சி நூலொன்றைப் பலர் மேற்கோள் காட்டுவராயின் அதற்கு மதிப்புண்டு. மேற்கோள் காட்டுவோர் தாமும் மதிப்புடையராயின் இன்னும் உண்டு. இம்முறை நன்றாய் வேலைசெய்தது என்பதை ஒப்புக்கொள்ளாதிருத்தல் நேர்மையன்று. அக்காலத்தில் ஏனைய பொறிகளிற் பத்தாம் பக்கம்வரை துழாவிக் களைத்தவர்கள் இதன் அருமையை அறிவர்.

ஆயின் அவ்விருவரும் 1998 இல் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையின் பிற்சேர்க்கையில் வேறொன்றுங் கூறியிருந்தனர். விளம்பரத்தை நம்பி வாழுந் தேடுபொறி இயல்பாகவே விளம்பரக்காரர் பக்கம் சாயும், தேடுவோர் தேவையினின்றும் விலகும் என்பது அதன் கருத்து. இரண்டாண்டு கழித்து, 2000 ஒக்ரோபரில், அவர்களுடைய கொம்பனியே தன் விளம்பரத் திட்டத்தைத் தொடக்கிற்று. 2023 ஆம் ஆண்டில் தேடலின்வழி அதற்கு வந்த வருவாய் ஏறத்தாழ 17,500 கோடி டொலர். இதனைக் குற்றப்பத்திரமாக யான் எழுதவில்லை. இலவசமாகத் தரப்படும் பண்டத்துக்கும் எவனோ ஒருவன் விலை கொடுக்கின்றான் என்பதும், அவன் நாமல்லன் என்பதும் தெளிவாதல் வேண்டும்.

மக்கள் ஏன் பிறவற்றைத் தேர்ந்து பார்ப்பதில்லை? திறமையால் ஒன்று வென்றது என்பது பாதி விடை. மறுபாதி அமெரிக்க நீதிமன்றிலே வெளிப்பட்டது. அந்நாட்டு நீதித் திணைக்களம் 2020 ஒக்ரோபரில் கூகிள்மீது தொடுத்த வழக்கில், நீதியரசர் அமித் மேத்தா 2024 ஆகஸ்ட் 5 ஆம் நாள் தீர்ப்பளித்தார். பொதுத் தேடலில் அக்கொம்பனி தன் தனியுரிமையைச் சட்டமுரணாகக் காத்துவந்தது என்பது தீர்ப்பின் முடிபு. 2020 இல் அமெரிக்காவில் நடந்த தேடல்களில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறும், கைத்தொலைபேசியில் ஏறத்தாழத் தொண்ணூற்றைந்தும் கூகிள் வழியாகவே நடந்தன. கைத்தொலைபேசி செய்வோரும் உலாவி செய்வோரும் தன் பொறியையே முதற்கண் அமைத்துவைக்கும்பொருட்டு, 2021 இல் மாத்திரம் அது 2,630 கோடி டொலர் கொடுத்திருந்தது. அடுத்த ஆண்டில் அப்பிள் கொம்பனிக்குச் சென்ற பங்கு ஒன்றே ஏறத்தாழ 2,000 கோடி.

இத்தொகையைச் சிந்தித்துப் பார்க்குக. கடைத்தெருவில் முதற்கடைக்கு வாடகை மிகுதி என்பதை நாமறிவோம். ஆயின் வாங்குவோர் எவரும் இரண்டாங் கடைவரை நடக்கமாட்டார் என்பது உறுதியானாலன்றி இத்துணைப் பொருளை எவர் கொடுப்பர்? நம்முடைய சோம்பலுக்கு இடப்பட்ட விலை அது. 2025 செப்ரெம்பரில் அந்நீதியரசர் பரிகாரத்தைக் கூறியபோது, உலாவியை விற்குமாறு கட்டளையிடவில்லை. பிறரை விலக்கும் ஒப்பந்தங்களைத் தடுத்தார். தகுதியுள்ள போட்டியாளருக்குத் தேடல் தரவுகள் சிலவற்றைப் பகிருமாறும் பணித்தார்.

இனி மாற்றுப் பொறிகளுக்கு வருவோம். கடைப்பெயர்கள் பல, கிணறுகள் சில. இதுவே இத்திங்களில் யான் கற்ற முதற்பாடம். ஆங்கில மொழிக்கு உலகளாவிய பெருஞ்சுட்டி வைத்திருப்போர், கூகிளை விடுத்தால், மைக்கிரோசொவ்ற் 2009 இற் ‘பிங்’ என்னும் பெயரால் வெளியிட்டதும், வேறு சிலவுமே. கபிரியேல் வைன்பேக் 2008 இல் அமெரிக்காவிற் தொடக்கிய ‘டக்டக்கோ’, தேடுவோரைப் பின்தொடர்வதில்லை என்னும் உறுதிமொழியாற் புகழ்பெற்றது. அதன் விடைகளுட் பெரும்பகுதி பிங்கிலிருந்தே வந்தது. பேர்லினில் 2009 இல் தோன்றி, ஈட்டும் பொருளால் மரம் நாட்டும் ‘எக்கோசியா’வும், பிரான்சில் 2013 இல் வந்த ‘குவாண்ட்’டும் நெடுங்காலம் அக்கிணற்றையே பெரிதும் நம்பின. நெதர்லாந்தைச் சேர்ந்த ‘ஸ்ராட்பேஜ்’ நம் பெயரையும் முகவரியையும் மறைத்துக் கூகிளின் விடையையே கொண்டுவந்து தருவது.

இதற்குக் கண்கூடான சான்று 2024 மே 23 ஆம் நாள் கிடைத்தது. அன்று பிங் சில மணிநேரம் இடருற்றது. உடனே டக்டக்கோவும் எக்கோசியாவும் குவாண்டும் ஒருங்கே வாடின. வெவ்வேறு வீட்டுக் குழாய்கள் ஒரே தாங்கியிலிருந்து நீர்பெற்றன என்பதை அன்று பலர் முதன்முறையாக அறிந்தனர். தாங்கிக்குரியவன் எண்ணினால் வாயிலை அடைக்கலாம் என்பதும் பின்னர்த் தெரிந்தது: பிறர் தம் தளங்களில் எடுத்தாளும்பொருட்டு வைத்திருந்த பிங் தேடல் வாயில்களை மைக்கிரோசொவ்ற் 2025 ஆகஸ்ட் 11 ஆம் நாள் மூடிற்று. எக்கோசியாவும் குவாண்டும் சேர்ந்து ஐரோப்பாவுக்கெனத் தனிச்சுட்டி ஆக்கும் முயற்சியை 2024 நவெம்பரில் அறிவித்தமைக்கு ஏது இத்தகைய அச்சமே போலும்.

சொந்தக் கிணறு தோண்டியோருள் இருவரைக் கூறுவேன். இங்கிலாந்தின் ‘மோஜீக்’ 2004 இல் ஒருவருடைய தனிமுயற்சியாகத் தொடங்கியது. எவருடைய சுட்டியையும் இரவல் வாங்காது, தன் சிலந்தியையே நம்பி, இருபதாண்டுக்கு மேலாக நிற்கின்றது. 2021 இல் வந்த ‘பிறேவ்’ தேடுபொறி, செர்மனியில் 2020 இல் மூடப்பட்ட ‘கிளிக்ஸ்’ என்னும் நிறுவனத்தைச் சேர்ந்தோர் செய்திருந்த வேலையை வாங்கி அதன்மேற் கட்டப்பட்டது. 2023 முதற் பிங்கின் துணையை முற்றாக ஒழித்தது. இவை தவிர, சுவீடனில் ஒரு தனிமனிதர் 2021 முதல் நடத்தும் ‘மார்ஜினேலியா’ ஒன்றுண்டு. வணிகப் பக்கங்களை ஒதுக்கி, எழுத்து மிகுந்த சிறு பக்கங்களை அது முன்னிறுத்தும். வேண்டியதைத் தேடுதற்கு அது அத்துணை உதவாது. வேண்டுமென்றே அறியாததைக் கண்டெடுத்தற்கு உதவும். பழைய புத்தகக் கடையில் நின்றுகொண்டு நேரத்தை மறத்தல்போன்ற இன்பம் அதில் உளது. அது பெரிதும் ஆங்கிலம் பற்றியே நிற்றல் நமக்குக் குறை.

உருசியாவின் யாண்டெக்ஸ், சீனத்தின் பைடு, கொரியாவின் நேவர், செக் நாட்டின் செஸ்னாம் ஆகியவை தத்தம் மொழிக்கெனத் தனிச்சுட்டி உடையன. செக் மொழி பேசுவோர் தொகை தமிழ் பேசுவோர் தொகையிலும் மிகச் சிறிது. அவர்கள் 1996 இலேயே தமக்கெனத் தேடுபொறி ஒன்று தொடங்கிவிட்டனர். நாம் ஏன் செய்யவில்லை என்னும் வினாவை இங்கே எழுப்பிவிட்டு மேற்செல்கின்றேன்.

தேர்ந்து பார்க்கும் முறை எத்தகையது என்று நண்பர் சிலர் கேட்டனர். விடை தெரிந்த வினாக்களைக்கொண்டே பொறியைச் சோதித்தல் வேண்டும். விடை தெரியாத வினாவைக் கேட்டு, வந்த விடை அழகாயிருக்கின்றது என்று மகிழ்தல் சோதனையாகாது. இரசாயன ஆய்கூடத்திற் புதிய தராசு வந்தால், நிறை தெரிந்த படியை வைத்தே முதலிற் பார்ப்போம். யான் பத்து வினாக்களைத் தெரிந்துகொண்டேன். தமிழில் நான்கு, ஆங்கிலத்தில் ஆறு. சில பொதுவறிவு, ஒன்று மருந்துபற்றியது, ஒன்று நீரிறைக்கும் இயந்திரம் வாங்குவது, இரண்டு, இணையத்திலே உள்ளனவென்று யான் முன்பே அறிந்த கட்டுரைகளைத் தேடிப் பிடிப்பன. ஒவ்வொன்றையும் ஏழு பொறிகளிலே கேட்டு, சரியான பக்கம் எத்தனையாவதாக வந்தது என்பதைக் கொப்பியிற் குறித்தேன். பொறியின் பெயர் தெரிந்தால் மனம் ஒருபக்கஞ் சாயுமாதலின், பேரனைக்கொண்டு பெயரை மறைத்து விடைகளை மாத்திரம் எழுதுவித்தேன்.

ஆங்கிலப் பொதுவறிவு வினாக்களில் ஏழுக்கும் பெரிய வேறுபாடில்லை. இதனை யான் எதிர்பார்த்திலேன். நாட்டின் தலைநகரம், மூலகத்தின் அணுவெண், அறிஞரின் பிறந்த ஆண்டு என்பனபோன்ற நாளாந்த வினாக்களுக்கு எதனைக் கையாண்டாலும் ஒன்றே. நீரிறைக்கும் இயந்திரத்தைக் கேட்டபோது வேறுபாடு தோன்றிற்று. சிலவற்றில் முதற்றிரை முழுவதும் விலைகூறுவோரே நின்றனர். சிறு பொறிகளிலே கமக்காரர் அனுபவமெழுதிய பக்கங்கள் மேலே வந்தன. மருந்துபற்றிய வினாவிற் பெரும் பொறிகளே நம்பத்தக்கனவாயிருந்தன. சிறியன சில, மருந்தைப் பழித்து வேறொன்றை விற்கும் பக்கத்தைக் கூச்சமின்றி முதலில் நிறுத்தின. மாற்று என்பதனாலேயே ஒன்று நல்லதாகிவிடாது.

தமிழ் வினாக்களுக்கு வந்தபோதுதான் உண்மையான சோதனை தொடங்கிற்று. சொந்தமாகச் சிறுசுட்டி வைத்திருப்பவை தமிழுக்குப் பெரும்பாலும் கைவிரித்துவிட்டன; சிலந்தி தமிழ்ப் பக்கங்களுக்கு அத்துணை அடிக்கடி வருவதில்லை என்பது காரணமாகலாம். இது நாம் எளிதில் ஒதுக்கத்தக்க குறையன்று. கூகிளையோ பிங்கையோ அடியாக உடைய பொறிகளே தமிழில் ஓரளவு தாங்கின. அவையுந் தடுமாறிய இடங்கள் உள.

அத்தடுமாற்றத்தின் மூலம் நம் மொழியின் இயல்பிலே உள்ளது. ஆங்கிலச் சொல்லின் ஈற்றைக் களைந்து அடியைக் காணும் எளிய விதித்தொகுதி ஒன்றை மாட்டின் போட்டர் 1980 இல் வெளியிட்டார். தமிழிலோ ‘கல்லூரி’ என்பது கல்லூரியை, கல்லூரியின், கல்லூரிக்கு, கல்லூரியிலிருந்து, கல்லூரியுமாம் என விரிந்துகொண்டே செல்லும். புணர்ச்சியோ இன்னும் இடர் செய்வது. நம் கல்லூரியின் பெயரையே எடுத்துக்கொள்வோம். ‘இந்துக்கல்லூரி’ என்று சேர்த்தெழுதுவாருமுளர்; ‘இந்துக் கல்லூரி’ என்று பிரித்தெழுதுவாருமுளர்; ஒற்றை விட்டு ‘இந்து கல்லூரி’ என்பாரும் இக்காலத்துப் பலர். நமக்கு மூன்றும் ஒன்று. பொறிக்கு முதலாவது ஒரு சொல். இரண்டாவதில் ‘இந்துக்’ என்றொரு விந்தைச் சொல் நிற்கின்றது. மூன்றையுந் தனித்தனி தேடியபோது ஒரே பொறி மூன்று வேறு வரிசைகளைத் தந்தது. ஒன்றிற் கிடைத்த பழைய மாணவர் கட்டுரையொன்று மற்றிரண்டிலும் இல்லை.

இவற்றோடு நாட்டு வழக்கும் சேர்கின்றது. நாம் டொக்டர், கொம்பனி, ஒக்ரோபர் என்கின்றோம். தமிழ்நாட்டார் டாக்டர், கம்பெனி, அக்டோபர் என்பர். நாம் இரசாயனவியல் என்பதை அவர்கள் வேதியியல் என்பர். பௌதிகம் அவர்க்கு இயற்பியல். தமிழ்நாட்டுப் பக்கங்கள் தொகையாற் பலவாதலின், ஐயந்தோன்றிய இடத்திற் பொறி அப்பக்கமே சாய்கின்றது. இங்கே அச்சாகிய பாடநூலை இங்குள்ள பையன் தேடும்போது, அங்குள்ள பாடநூல் மேலே வருதலின் காரணம் இதுவே.

எழுத்துருவினால் வந்த கேட்டையுஞ் சொல்லவேண்டும். யூனிக்கோட் முறையில் தமிழ் 1991 இலேயே இடம்பெற்றுவிட்டதாயினும், இங்கே நெடுங்காலம் பாமினி முதலிய எழுத்துருக்களே வழங்கின. பாமினியில் ‘தமிழ்’ என்று நம் கண்ணுக்குத் தோன்றுவது, கணினிக்கு ஆங்கில எழுத்துக்களான ஜே, கே, பி, ஓ என்பனவும் ஓர் அரைப்புள்ளியுமேயாம். அவ்வாறு இணையத்தில் ஏற்றப்பட்ட பக்கத்தை எந்தப் பொறியிலே தேடினும் தமிழாகக் காணமுடியாது. கண்முன்னே இருந்தும் இல்லாதன அவை.

அச்சுப் பக்கங்களைப் படம்பிடித்து ஏற்றுவதிலும் இச்சிக்கல் உளது. 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பராயின. எஞ்சியவற்றையும் பிறவிடங்களிற் கிடந்தவற்றையும் காக்கும் பணியை 2005 இல் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகம் செய்துவருகின்றது. ஆயின் படமாக நிற்கும் பக்கத்தின் உட்சொற்களை எழுத்தாக மாற்றினாலன்றிச் சிலந்தி அவற்றைப் படியாது. நூலின் பெயரை அறிந்தவன் பெயரால் அடைவான். உள்ளே ஒரு பந்தியில் வரும் ஊர்ப்பெயரை மாத்திரம் அறிந்தவன் அடையான். ஆதலின், எந்தப் பொறியில் ஒன்று கிடையாதபோதும், நேரே அத்தகைய நூலகத்தின் தளத்துக்குச் சென்று அதன் உட்பட்டியலைப் புரட்டுதல் இன்றியமையாதது. டக்டக்கோவில் இதற்கொரு வசதி உண்டு: வியப்புக்குறியும் அதனையடுத்து ஒரு குறுக்கமும் இட்டுச் சொல்லை எழுதினால், குறித்த தளமொன்றின் உள்ளேயே தேடலைத் தொடக்கிவிடும். சிறிய வசதியாயினும், ஒரு திங்களில் யான் மிகுதியாகப் பயன்படுத்தியது அதுவே.

நம் வினாக்களைப் பிறர் சேமித்துவைத்தலால் வருந்தீங்கு யாது என்று கேட்போருக்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்வேன். 2006 ஆகஸ்டில் அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம், ஆராய்ச்சியாளர்க்கு உதவுமென்று கருதி, 650,000 பேருக்கு மேற்பட்டோர் மூன்று திங்களிற் கேட்ட ஏறத்தாழ இரண்டு கோடி வினாக்களை வெளியிட்டது. பெயர்களை நீக்கி இலக்கங்களை மாத்திரம் இட்டிருந்தனர். சில நாளில் நியூயோர்க் ரைம்ஸ் நாளிதழார், ஓர் இலக்கத்தின்கீழிருந்த வினாக்களைக்கொண்டே ஜோர்ஜியா மாநிலத்து முதிய அம்மையார் ஒருவரின் வாயிலைத் தட்டினர். நோய், நாய், அயல், தோட்டம் என அவர் தேடியவையெல்லாஞ் சேர்ந்து அவரைக் காட்டிக்கொடுத்தன. வைத்தியரிடமும் மனைவியிடமும் கேளாத வினாவை மனிதன் தேடுபொறியிடம் கேட்கின்றான். டக்டக்கோவும் மோஜீக்கும் போன்றவை தனிமையை முன்வைத்து வந்ததன் நியாயம் இதனால் விளங்கும். அவர்கள் சொல்லையும் அப்படியே விழுங்கவேண்டுவதில்லை. டக்டக்கோவின் உலாவி மைக்கிரோசொவ்ற்றின் பின்தொடரும் நிரல்கள் சிலவற்றைத் தடாமல் விட்டமை 2022 மே மாதம் வெளிப்பட, அவர்கள் ஆகஸ்டில் அதனைத் திருத்தவேண்டியிருந்தது.

விளம்பரம் வேண்டாமெனின் விலை கொடுத்தல் வேண்டும். கூகிளின் விளம்பரப் பகுதிக்கே தலைவராயிருந்த ஸ்ரீதர் இராமசாமி, சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்திற் பயின்றவர். அவர் அங்கிருந்து விலகி 2019 இல் ‘நீவா’ என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, விளம்பரமற்ற தேடுபொறியைச் சந்தாவுக்குத் தந்தார். பொறி நன்றாகவே இருந்தது. எனினும் 2023 யூனில் மூடப்பட்டது. பொறியை ஆக்குவது வேறு, வேறொன்றுக்கு மாறும்படி மக்களை இணங்கச் செய்வது வேறு என்பது அவர்கள் விடைபெறும்போது கூறிய காரணம். அதே வழியிற் செல்லும் ‘காகி’ இன்னும் நிற்கின்றது; திங்களுக்கு ஐந்து டொலரிலிருந்து சந்தா. வேண்டாத தளத்தைத் தன் விடைகளினின்று முற்றாக நீக்கவும், வேண்டியதை உயர்த்தவும் தேடுவோனுக்கே அதிகாரந் தருதல் அதன் சிறப்பு. ஓய்வூதியம் பெறுவோருக்கு அத்தொகை பெரிது. ஆராய்ச்சி மாணவர் சிலர் சேர்ந்து கொடுத்துப் பார்க்கலாம்.

2024 மே மாதத்துக்குப் பின் கூகிளின் முகப்பில் செயற்கை நுண்மதி எழுதிய சுருக்க விடை முதலில் நிற்கத் தொடங்கியது. அமெரிக்காவில் வெளிவந்த முதல் நாட்களிலே, பாலாடைக்கட்டி வழுக்காதிருக்கப் பீசாவிற் பசை சேர்க்குமாறு அது கூறியதைப் பலர் எழுதி நகைத்தனர். யாரோ விளையாட்டாய் எழுதியதை உண்மையெனக் கொண்டதால் வந்த பிழை அது. பிழையினுங் கவலை தருவது, விடை ஒன்றேயாகி வருதல். பத்துப் பக்கம் வந்தால் ஒப்புநோக்கலாம். என் பேரன் ‘இல்லை’ என்று கூறியதும் இத்தகைய ஒரு பந்தியைப் படித்தேயாம். எந்தப் பொறியென்று யான் கேட்கவுமில்லை.

அவனோடிருந்து மறுபடியுந் தேடினேன். ‘கெமிஸ்தம்’ என்று எழுதியவுடன் பெரும் பொறிகளிரண்டிலும் கிறீன் வைத்தியர் வந்துவிட்டார். "அந்தச் சொல் தெரியாதவர் என்ன செய்வார்?" என்று பையன் கேட்டான். நல்ல வினா. ஆங்கிலத்தில் யாழ்ப்பாணம், மருத்துவம், மொழிபெயர்ப்பு, பத்தொன்பதாம் நூற்றாண்டு என்று கேட்கச் செய்தேன். ஐந்தாவது விடையிற் கிறீனின் பெயர் வந்தது. அப்பெயரைத் தமிழில் எழுத முயன்றபோது கிறீன், கிரீன், கிறீண் என மூன்று உருவங்கள் எதிர்ப்பட்டன. மூன்றையுந் தேடியபின் அவன் கொப்பியில் நூற்பெயர்கள் நான்கு சேர்ந்திருந்தன. ஏறத்தாழ நாற்பது நிமிடஞ் சென்றது. முன்னர் நூலகத்தில் அட்டைப் பெட்டிகளை இழுத்துப் பார்த்தபோதும் ஏறத்தாழ அவ்வளவு நேரமே செல்லும்.

இப்பொழுது என் கணினியில் முதற்பொறியாகப் பிறேவையும், தமிழ் தேடுதற்குக் கூகிளின் விடையைப் பெயர்மறைத்துத் தரும் ஸ்ராட்பேஜையும், பொழுதுபோக்குக்கு மார்ஜினேலியாவையும் வைத்திருக்கின்றேன். பேரன் தன் கைத்தொலைபேசியை மாற்றவில்லை. மலர்க்குழுவினருக்கு ஒரு விண்ணப்பம்: இவ்விதழை இணையத்தில் ஏற்றும்போது படமாக மாத்திரம் ஏற்றாது யூனிக்கோட் எழுத்தாகவும் ஏற்றுக, கல்லூரியின் பெயரை முகப்பிற் சேர்த்தொருமுறையும் பிரித்தொருமுறையும் அச்சிடுக. பிழைதிருத்துவோர் சினப்பர், அதற்கு யான் பொறுப்பு.